ஜுவாய் பாய்

சீன மொழியில் ஒரே ஒரு சொல்லை மட்டும் தெரிந்துகொண்டு, அதற்கே வாத்தியாராகவும் இருப்பவர் உலகத்திலேயே எங்கள் ஜுவாய் பாய் ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர் காரைக்குடியில் அவர் வீட்டு ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய வீட்டுச் சாமான்கள் விற்கும் கடையில் நான் மேனேஜர். அவர் லோடு ஆட்களுக்குத் தலைவர். சிங்கப்பூர்க் கிடங்கில் பல வருஷம் ஒரு சீன மேஸ்திரியிடம் வேலை பார்த்தவர். அங்கே பிடித்துக்கொண்டு வந்த சொல்தான் ‘ஜுவாய்’. வெடுக்கென்று, பலங்கொண்ட மட்டும் இழுப்பது என்று அர்த்தம்.

“இழுங்கன்னா அவனவனுக்குத் தோணுறப்ப இழுப்பான், மேனேஜரே. ஜுவாய்னா நாலு பேரும் ஒரே வெட்டு! குரல் மேலயிருந்து கீழ விழணும். எங்க, சொல்லுங்க.”

“எனக்கு எதுக்கு பாய்? நான் இழுக்குறது நாற்காலியை மட்டுந்தான்.”

விட மாட்டார். புதிதாக வரும் ஆளுக்கு முதல் நாள் கயிறு கிடையாது, பாடம்தான். குரல் சரியாக இறங்காதவனுக்கு டீ வராது. ஒருநாள் திறக்க மறுத்த என் மேஜை டிராயரைப் பார்த்து “ஜுவாய்!” என்று கத்தி ஒரு இழுப்பு. டிராயர் வந்தது, மேஜையும் வந்தது, என் மதியச் சாப்பாடு தரைக்குப் போனது.

கடைக்கு வந்த ஒரு சீனத் தம்பதியிடம் ஆசையாகச் சொல்லிக் காட்டினார். அந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீகளா, புரிஞ்சிருச்சு!” என்றார் பாய், பெருமை தாங்காமல்.

நேமத்தான்பட்டியிலிருந்து ஒரு பெரிய தேக்குக் கதவு வந்தது. லாரி மேல் நான்கு பேர் கயிற்றைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க, பாய் கீழே குனிந்து சாக்கு விரித்துக்கொண்டிருந்தார். முட்டுக்கட்டை நழுவியது. கதவு அவர் பக்கம் சாய்ந்தது.

“இழுங்கடா!” என்று கத்தினேன். ஒருவன் இழுத்தான், இன்னொருவன் என்னைப் பார்த்தான். கதவு இன்னும் சாய்ந்தது.

“ஜுவாய்!”

கத்தியது நானேதான். ஒரே வெட்டு. கதவு பின்னால் போய் லாரியில் மோதி நின்றது.

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். “பாய், ஒண்ணும் ஆகலையே?”

மூச்சு வாங்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் குரல் கீழ எறங்கவே இல்ல. நாளைக்குச் சீக்கிரம் வாங்க, சரி பண்ணிருவோம்.”

மறுநாள் அரை மணி முன்னதாகவே போய்விட்டேன். தினமும் போகிறேன். இன்னும் சரியாக வரவில்லை. வராமலே இருக்கட்டும், அவர் திருத்திக்கொண்டே இருக்கட்டும்.