கோமதிக்கு ஒரு தீர்ப்பு, குணசீலனுக்கு ஒரு தீர்ப்பு

இன்று உண்மையைச் சொல்லியே தீருவது என்று சகாதேவன் சபதம் எடுத்தார். விளம்பர இடைவேளையில் எடுத்த சபதம். சீரியல் மறுபடி தொடங்கியதும் தைரியம் போய்விட்டது.

விஷயம் இதுதான். மனைவி ரேணுகாம்பாளுக்குக் கொஞ்ச நாளாக முட்டி வலி. அது தீர வேண்டும் என்று பௌர்ணமிதோறும் கிரிவலம் வருவதாக வேண்டிக்கொண்டவர், சரியாகச் சொன்னால் வேண்டிக்கொள்ள வைக்கப்பட்டவர், சகாதேவன். தெருமுனைக் கடைக்கே வண்டி எடுக்கிற மனுஷன்!

போன பௌர்ணமிக்குச் செருப்பில்லாமல் கிளம்பினார். ரமணாசிரமம் வரை பக்தியோடு நடந்தார். அங்கே ஒரு காபிக் கடை கண்ணடித்தது. வெள்ளைக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்தவர், ஊரே மலையைச் சுற்றி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் நடந்து வீடு சேர்ந்தார். ரேணுகாம்பாள் நொண்டிக்கொண்டே வெந்நீர் கொண்டுவந்து அவர் காலைப் பிடித்துவிட்டாள். அந்த வெந்நீர் இன்னும் அவர் நெஞ்சில் சுட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கு மறுபடி பௌர்ணமி.

அதனால் ஒரு குறுக்குவழி யோசித்தார். சீரியல் நாயகன் குணசீலன், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நண்பன் வீட்டில் படுத்திருந்தவன். அவனுக்கு விடுதலை வாங்கிவிட்டால் அதே தீர்ப்பில் தானும் வெளியே வந்துவிடலாம்.

"பாவம் குணசீலன்," என்று ஆரம்பித்தார்.

"இன்னா பாவம்? பொய் சொன்னான் இல்ல?" என்றாள் ரேணுகாம்பாள்.

"சொன்னான். அதுக்காகக் கெட்டவனா? சூழ்நிலைம்மா!"

தினமும் சீரியலுக்கு ஆஜராகும் பக்கத்து வீட்டு மெஹ்ருன்னிசா நிமிர்ந்தாள். "அண்ணே, போன வாரம் அவன் பொண்டாட்டி கோமதிய கிழிகிழினு கிழிச்சீங்களே? புருஷன் குடிய வுடணும்னுதான அவ நெஞ்சு வலினு நடிச்சா?"

"அவ குணமே அப்படி! இவளையெல்லாம் வீட்டுல வெச்சிருக்கலாமா?"

ஆண் பொய் சொன்னால் சூழ்நிலை, பெண் பொய் சொன்னால் குணம். எந்தச் சபையில் நிறைவேற்றிய சட்டமோ, எல்லா வீட்டு சோபாவிலும் இதுதான் அமலில் இருக்கிறது!

"கோமதி கெட்டவள்னா குணசீலனும் கெட்டவன்தான்," என்று ரேணுகாம்பாள் கறாராகச் சொன்னாள். "வெளிய தள்ளுனா ரெண்டு பேரையும் தள்ளணும்."

சகாதேவனுக்கு வியர்த்தது. கோமதியை விடுவிக்காமல் குணசீலனை மீட்க வழியில்லை.

"சரி, கோமதியும் நல்லவதான். பாசத்துல சொன்ன பொய்க்குத் தண்டனையே கிடையாது. போதுமா?"

"அப்பால பேச்சு மாறக் கூடாதுங்க."

"அண்ணாமலையார் மேல சத்தியம்!"

ரேணுகாம்பாள் டிவியை அணைத்தாள். "எனக்கு முட்டி வலியே இல்லீங்க."

"இன்னாது?"

"உங்களுக்குச் சர்க்கரை ஜாஸ்தி, நடக்கச் சொல்லுனு டாக்டர் தலைல அடிச்சுக்கினாரு. உங்களுக்காகன்னா எழுந்திருக்க மாட்டீங்க. எனக்காகன்னா நடப்பீங்கனுதான்..."

கோபம் வந்திருக்க வேண்டும். சகாதேவனுக்கோ அந்த மலையே நெஞ்சிலிருந்து இறங்கியது போல இருந்தது. அவளும் பொய், நானும் பொய்! கணக்கு நேராகிவிட்டது!

"ரேணு, நானும் சுத்தல! காபிக் கடையிலயே உக்காந்துட்டேன்!" என்று குழந்தை மாதிரி சிரித்தார்.

"தெரியுமே. கால்ல கொப்புளம் ஒண்ணு கூடக் காணோம். கல்யாண மாப்பிள்ளை கால் மாதிரி இருந்துச்சு."

"கேக்கு வேற திரும்பத் திரும்பக் கேட்டீங்களாமே அண்ணே," என்றாள் மெஹ்ருன்னிசா. "அந்தக் கடையில உள்ளாற கேக்கு சுடறது எங்க தம்பி அப்சல்தான்."

சகாதேவனின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதான் தண்டனை கிடையாதுனு பேசியாச்சே?"

"பாசத்துல சொன்ன பொய்க்குத்தான் கிடையாதுன்னீங்க. கேக்கு எந்தப் பாசத்துல?"

சகாதேவன் அசடு வழிந்தார். ஆனாலும் ஒரு மாதமாக அடைத்திருந்த மூச்சு தாராளமாக வந்தது. சத்தம் இல்லை, அழுகை இல்லை. இவ்வளவு லேசாக முடிந்ததே என்று சோபாவில் நிம்மதியாகச் சாய்ந்தார்.

ரேணுகாம்பாள் நொண்டாமல் எழுந்து, டிவியை மறுபடி போட்டாள்.

"நாளைக்கு நானும் கூட வரேங்க. என் முட்டிதான் நல்லா இருக்கே!"