முதுகுக்குள் ஒரு ஜாக்கி

"கொஞ்சம் அப்படியே நில்லு" என்றார் சர்வேயர்.

துவைத்த துணிகளை அள்ளிக்கொண்டு போன மனைவி நின்றாள். "எதுக்குங்க?"

"சும்மாதான்."

சும்மா ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவர் கண்ணுக்கு நேராக இருந்தது அவளுடைய முன்னந்தலை முடி. போன வாரம் நெற்றி. இன்றைக்குப் புருவம். அப்படியானால் தான்தான் குள்ளமாகிக்கொண்டு வருகிறோம் என்று சர்வேயர் கணக்குப் போட்டார்.

இடுப்புக்குச் சற்று மேலே, இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இருந்த தட்டு தேய்ந்துபோய், பல வருஷமாக மனிதர் செருப்பைத் தொலைத்தவர் மாதிரி தரையைப் பார்த்தே நடந்துகொண்டிருந்தார். போன மாதம் டாக்டர் அந்தத் தட்டை எடுத்துவிட்டு ஒரு சின்ன டைட்டானியம் கூண்டை வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். விளக்கமும் சொன்னார்.

"உள்ள போகும்போது சப்பையா இருக்கும். போய் உக்கார்ந்ததும் திருகிவிட்டா வேணுங்கிற உயரத்துக்கு எழும்பும். கார் ஜாக்கி மாதிரின்னு வெச்சுக்குங்களேன்."

சர்வேயர் வெச்சுக்கொண்டார். ஆபீஸ் ஜீப்புக்கு டயர் மாற்றும்போது ஜாக்கி வழுக்கி, வண்டி தொப்பென்று உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தவர் அவர். எழும்பத் தெரிந்ததற்கு இறங்கத் தெரியாதா? இறங்கினால் மறுபடி அந்தக் கூனல், மறுபடி தரை, மறுபடி ஆபரேஷன். எதிரே வருகிறவரின் முகத்தைப் பார்த்துப் பேசுவது எவ்வளவு சுகம் என்று இப்போதுதான் கண்டிருந்தார். அதை இழப்பதை நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

மனைவியிடம் சொல்லக்கூடாது என்று முடிவு செய்தார். அவள் பட்டது போதும்.

பாரம் ஏறினால்தானே ஜாக்கி இறங்கும்? பாரத்தைக் குறைப்போம் என்று சாப்பாட்டைப் பாதியாக்கினார். மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, தலை சுத்துதா?"

"சே சே. சுவர் நல்லா இருக்கான்னு பார்த்தேன்."

நிற்பதே தப்பு என்று தோன்றியது. படுத்தேவிட்டார். தினமும் வீட்டுக்கு வந்து உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"சார், நடக்கச் சொன்னா படுத்திருக்கீங்க?"

"பாரம் ஏறக்கூடாதும்மா."

"படுத்தே இருந்தா தசையெல்லாம் கரைஞ்சு போயிடும். அப்புறம் எலும்பை யார் தாங்குவா? எழுந்திருங்க!"

தசை கரையும் என்ற புதுச் செய்தியோடு எழுந்தார். அன்று அவள் அவரை நடக்கவைத்த நடையில், பயிற்சி முடிந்ததும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினார். சாயங்காலம் எழுந்து வந்தால், மனைவியின் புருவம் இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தது.

இனிப் பொறுப்பதற்கில்லை. வீட்டுச் செருப்புக்குள் செய்தித்தாளை மடித்து வைத்தார். உயரம் கூடியது. ஆனால் குளியலறையில் செய்தித்தாள் ஊறி, செருப்பு ஒரு பக்கமும் சர்வேயர் ஒரு பக்கமுமாகப் போனார். நல்லவேளை, குழாயைப் பிடித்துக்கொண்டார். குழாய் கையோடு வந்தது.

தண்ணீரை அடைத்துவிட்டு மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த வயசுல உயரம் எதுக்குங்க? யார் பாக்கப்போறா?"

அவர் ஊறிப்போன செய்தித்தாளைப் பிழியத் தொடங்கினார்.

ஊரையே அளந்த மனிதருக்குத் தன்னை அளக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கதவு நிலையில் தன் உயரத்தைப் பென்சிலால் குறித்திருந்தார். போய் நின்று, தலைமேல் அட்டையை வைத்துப் பார்த்தார். கோட்டில் கனகச்சிதமாக உட்கார்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதோடு நிம்மதியாகி இருப்பார்கள். சர்வேயருக்குத் தொழில் மூளை. அளப்பதற்கு முதலில் அசையாத ஒரு புள்ளி வேண்டும். அதை வைத்துத்தான் மற்றதெல்லாம். இந்த வீட்டில் அசையாத புள்ளி எது? கதவு நிலை மரம், உப்பும், சுருங்கும். சுவர் செங்கல், விரியும். மனைவியோ கல்யாணமான நாள் முதல், ஒரு விஷயத்தைச் சொன்னால் சொன்ன இடத்திலிருந்து ஒரு நூல்கூட அசைந்ததில்லை. ஆகவே அவளே அசையாத புள்ளி. அவள் உயர்ந்து தெரிகிறாள். கோடும் தலையும் பொருந்துகின்றன. அப்படியானால்?

"நிலையும் என்னோட சேர்ந்து இறங்குது!" என்றார் சர்வேயர், வாய்விட்டு.

உடனே ஆபீஸிலிருந்து மட்டம் பார்க்கும் கருவியை வரவழைத்து, முக்காலியில் ஏற்றி, கூடத்துத் தரையைப் பார்த்தார். வாசல் பக்கம் சமையலறைப் பக்கத்தைவிட இரண்டு இஞ்ச்சு தாழ்வாக இருந்தது. கழுவிவிட்ட தண்ணீர் வெளியே ஓடுவதற்காகக் கொத்தனார் கொடுத்த சரிவு அது. கவலையில் இருக்கிறவருக்கு அதெல்லாம் நினைவுக்கு வருமா?

கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் போய், பக்குவமாகத்தான் சொன்னார்.

"பதறாதீங்க. கட்டடம் லேசா இறங்குற மாதிரி இருக்கு."

"எவ்வளவு?"

"ரெண்டு இஞ்ச்சு."

"ஐயையோ! யாரோ சொன்னா பரவாயில்லை. சர்வேயர் நீங்களே சொல்றீங்களே!"

அரை மணி நேரத்தில் வீட்டுக்காரரின் கட்டில், பீரோ, மாமியார் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டன. பக்கத்துக் கட்டடத்துக்காரர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று வெளியே வந்து நின்றார்கள். மாமியார் கட்டிலில் உட்கார்ந்தபடி, "எப்ப விழும்? நான் மாத்திரை போடணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மனைவி மாடிப்படியில் இறங்கி வந்தாள். "என்னங்க, கட்டடம் விழுதுன்னு சொன்னீங்களா?"

தெருவே அவரைப் பார்த்தது.

"கட்டடம் இல்லேம்மா. நான்தான் விழுந்துக்கிட்டிருக்கேன். உள்ள வெச்ச ஜாக்கி இறங்குது. மறுபடியும் பழையபடி ஆயிடுவேன் போலிருக்கு."

அவள் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு, மாமியாருக்குத் தண்ணீர் கொடுத்து, ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் மாட்டினார். பிசியோ பெண்ணும் கூப்பிட்டனுப்பப்பட்டு, ஓரமாக வந்து நின்றாள்.

"இதோ கூண்டு. திருகி, பூட்டி, சுத்தி எலும்பும் வளர ஆரம்பிச்சாச்சு. நீங்களே நினைச்சாலும் இனிமே இறக்க முடியாது" என்றார் டாக்டர்.

"ரெண்டு இஞ்ச்சு இறங்கியிருக்கு டாக்டர்."

"சார், அந்தக் கூண்டோட மொத்த உயரமே அரை இஞ்ச்சு. அது எப்படி ரெண்டு இஞ்ச்சு இறங்கும்?"

சர்வேயர் விடுவதாக இல்லை. மனைவியைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் எதிரே நிறுத்தினார்.

"நீங்களே பாருங்க. வந்த அன்னிக்கு இவ தலைமுடி தெரிஞ்சுது. அப்புறம் நெத்தி. அப்புறம் புருவம். இப்ப..."

இப்போது கண்ணுக்கு நேர் கண். அவள் கண் கலங்கியிருந்தது, சிரிப்பையும் அடக்கிக்கொண்டிருந்தாள். பிசியோ பெண்ணைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் புரியலையே. நீங்க இறங்கலைன்னு படம் சொல்லுது. அப்புறம் எப்படி?"

ஓரத்தில் நின்ற பிசியோ பெண்ணுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"மன்னிச்சுக்குங்கக்கா, சொல்லிடறேன். சார், நீங்க ஒரு நூல்கூட இறங்கல. நீங்க கூனுறது தனியாத் தெரியக்கூடாதுன்னு இத்தனை வருஷம் உங்ககூடவே குனிஞ்சு நடந்து முதுகு வளைஞ்சுபோனவங்களை, நீங்க தூங்குற நேரத்துல நான்தான் தினம் கொஞ்சம் கொஞ்சமா நிமிர்த்திக்கிட்டிருக்கேன்!"