விளையாட்டில் ஓர் இடம் காலி

ஆண்டுதோறும் மறைகிற பெருமக்களைப் போற்றுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. நினைவுப் பதிவகம் என்று பெயர். டிசம்பர் முடிவதற்குள் ‘இவ்வாண்டு நம்மைப் பிரிந்தோர்’ என்னும் நூலை அது வெளியிடும். பன்னிரண்டு துறைகள், துறைக்கு இருவர், ஆக இருபத்துநான்கு பேர். பதிவகம் தொடங்கிய முதல் ஆண்டில் தற்செயலாக அந்தக் கணக்கில் இறந்திருந்தார்கள். தற்செயல் மறு ஆண்டு முன்னுதாரணம் ஆயிற்று. மூன்றாம் ஆண்டு விதியாகிவிட்டது.

நூலில் இடம்பெற்றவருக்கு ஒரு சலுகை உண்டு. அவர் வேலை செய்த இடத்தை எவரும் இடிக்கக் கூடாது. மற்றபடி இறந்தவருக்கு இதனால் பயன் ஒன்றுமில்லை என்பதைப் பதிவகம் நேர்மையாக ஒப்புக்கொள்ளும்.

தையற்கடைக்காரி அந்தச் சலுகைக்காகத்தான் வந்திருந்தாள். அவளுடைய அப்பா ஐம்பத்தொரு வருஷம் மழையை அளந்தவர். தெருக்கோடியில் நகராட்சி நிலத்தில் ஒரு தகரக் கொட்டகை. வாசலில் நாலைந்து அளவுக்குவளைகள். உள்ளே வருஷத்துக்கு ஒன்றாக ஐம்பத்தொரு நோட்டு. பாலம் கட்டுகிறவர்கள் அவரைப் பார்க்க வருவார்கள். அவரைக் கேட்காமல் தெருச் சலவைக்காரர் ஒரு துணியை நனைத்ததில்லை. நவம்பரில் இறந்துபோனார். கொட்டகையை ஜனவரியில் இடித்து வண்டி நிறுத்துமிடம் அமைக்கப்போவதாகப் பதினாறாம் நாளே தகரத்தில் தாள் ஒட்டிவிட்டார்கள். கொட்டகை போனால் நோட்டுகளை வைக்க வேறு இடமில்லை. அதுதான் அவள் கவலை.

பிரிவு அலுவலருக்குப் பின்னால் சுவரை மறைத்து ஒரு மர அலமாரி. இருபத்துநான்கு அறைகள். இருபத்துமூன்றில் கோப்பு இருந்தது.

“அப்பா எப்ப தவறினார்?”

“நவம்பர் ஒன்பது.”

“துறை?”

“மழை அளந்தார் சார்.”

“அப்ப அறிவியல்.” அலுவலர் திரும்பிப் பார்க்காமலே உதட்டைப் பிதுக்கினார். “அறிவியல் மார்ச்சோட நிரம்பிருச்சும்மா. கணக்கு ஆராய்ச்சி பண்ணினவர் ஜனவரியிலயே போயிட்டார். நட்சத்திரம் பார்க்கிறவர் மார்ச்ல. பொறுப்பான மனுஷங்க. உங்கப்பா நவம்பர் வரைக்கும் இழுத்தடிச்சிருக்கார்.”

“வேணும்னேவா இழுத்தடிச்சார்?”

“காரணம் நாங்க கேக்கறதில்ல.”

“அடுத்த வருஷப் புத்தகத்துல சேர்த்துக்குங்களேன்.”

“அதுக்கு அடுத்த வருஷம் சாகணும்.”

பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் புகைப்படங்களின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். கோப்புகள் எல்லாம் அவள் கையில்தான். தலை நிமிராமல் சொன்னாள்: “சார், விளையாட்டுல ஒண்ணு காலியாத்தானே கிடக்கு?”

அலுவலரின் முகம் வாடியது. “அதை ஏன் கேக்கறீங்க! பழைய குத்துச்சண்டை வீரர் ஒருத்தர். ஆகஸ்ட்ல ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ரொம்ப நம்பிக்கையா இருந்தோம். வாழ்க்கைக் குறிப்பு தட்டச்சாகி, பிழை திருத்தி, மேலிடத்துக் கையெழுத்தும் வாங்கியாச்சு. தேறி வீட்டுக்குப் போயிட்டார். நன்றிகெட்ட உலகம்.”

“குறிப்பு தயாரா இருக்கு. பேரை மட்டும் மாத்தினாப் போதும்” என்றாள் அம்மாள்.

தையற்கடைக்காரிக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. “எங்கப்பாவுக்கா? அவர் நாப்பத்தாறு கிலோதான் சார் இருந்தார்.”

“அந்த எடைக்கும் ஒரு பிரிவு இருக்கும்மா.”

“கொசுவைக்கூட அடிக்க மாட்டார்.”

“அதுதான் வீரருக்கு அழகு.”

“இது பொய்யில்லையா சார்?”

அலுவலர் நிஜமாகவே வருத்தப்பட்டார். “பொய்ங்கறது வாயால சொல்றது. இது படிவம். நீங்க எதுவும் சொல்லப்போறதில்ல. கட்டத்துல ஒரு கோடு போடப்போறீங்க, அவ்வளவுதான்.”

“நாட்டியத்துல இருக்காரே, அவர் அறுவை சிகிச்சை டாக்டர்” என்று அம்மாள் கத்தரியை நீட்டி ஓர் அறையைக் காட்டினாள். “மருத்துவத்துல இடமில்ல. கைவிரல் ரொம்ப நளினமா இருக்கும்னு சம்சாரமே எழுதிக் கொடுத்தாங்க. அவங்க எவ்வளவு பெருந்தன்மை பாருங்க.”

மழையைப் பற்றி ஒரு வரியாவது வேண்டும் என்று தையற்கடைக்காரி பிடிவாதம் பிடித்தாள். நீண்ட ஆலோசனைக்குப் பின் ‘ஓய்வு வேளைகளில் வானத்தைப் பார்ப்பார்’ என்று சேர்க்க இசைந்தார்கள். கொட்டகை நிற்கும், நோட்டுகள் பிழைக்கும், செத்தவருக்கு எது தெரியப்போகிறது என்று தனக்கே சொல்லிக்கொண்டு அவள் கட்டத்தில் கோடு போட்டாள்.

புத்தகம் வெளிவந்தது. நாற்பத்திரண்டு களங்கண்டு முப்பத்தெட்டில் இடக்கைக் குத்தாலேயே எதிரியை மண்கவ்வ வைத்த மாவீரர் என்று அவள் அப்பா பதினெட்டாம் பக்கத்தில் மூக்குக்கண்ணாடியுடன் சிரித்தார். அந்தக் காலத்தில் அஞ்சலி எழுதுவது எல்லோருக்கும் ஒரு மோகமாக இருந்தது. இறந்தவரில் தொடங்கி நாலாவது வரியில் தன்னிடம் வந்து சேர வேண்டும், அதுதான் இலக்கணம். ஒரு வாரத்தில் முந்நூறு அஞ்சலிகள் வந்தன. அவருடைய குத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் நூற்றுக்கு மேல். வெளியீட்டு விழாவுக்கு விளையாட்டின் சார்பாகத் தேறிப்போன அந்த வீரரையே அழைத்திருந்தார்கள். அவர் பதினெட்டாம் பக்கத்தை இரண்டு முறை படித்தார். “என் வாழ்க்கையைப் படிச்ச மாதிரியே இருக்கு” என்றார். அலுவலர் மெல்ல இருமினார். மேடையில் நிற்கிறோம் என்பது வீரருக்கு நினைவு வந்தது. “இவர்கிட்ட நான் ஒரு தடவை தோத்திருக்கேன்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

கொட்டகை தப்பியது. நகராட்சி அதைச் சுற்றிச் சிமெண்டு போட்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டது. கொட்டகைக்கு மட்டும் நாலு படி உயரத்தில் கல்மேடை கட்டி, தகரத்துக்கு நீல வண்ணம் அடித்து, உள்ளே ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டார்கள். பிறகு ஒரு கடிதம் வந்தது: ‘நினைவகத்தில் குத்துச்சண்டைக்குத் தொடர்பற்ற ஐம்பத்தொரு நோட்டுகளும் சில குவளைகளும் காணப்படுகின்றன. ஏழு நாட்களுக்குள் அகற்றுக.’

அவள் பதிவகத்துக்கு ஓடினாள். “நோட்டுக்காகத்தானே சார் கொட்டகையையே கேட்டேன்!”

“கொட்டகை நிக்குதில்ல?”

“எங்கப்பா மழை அளந்தவர்னு நான் வெளியில சொல்லிடுவேன்.”

“தாராளமா சொல்லுங்க. அப்ப அவர் வீரர் இல்ல. வீரர் இல்லைன்னா நினைவகம் இல்ல. திங்கக்கிழமை இடிச்சிடலாம்.” அலுவலர் அன்பாகவே சொன்னார். “நல்ல இடமா அமைஞ்சிருக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைங்கல்லாம் வந்து பார்க்குதுங்க. உங்களையும் மேடைக்குக் கூப்பிடறாங்க. எதுக்கும்மா வம்பு?”

மேடைக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது உண்மைதான். மூன்று பொன்னாடை வந்திருந்தது. அவள் நோட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோய், துணி வெட்டும் மேசையின் அடித்தட்டில் அடுக்கித் திரை போட்டாள்.

மே மாதம் நகராட்சிப் பொறியாளர் கடைக்கு வந்தார். சிமெண்டு போட்ட பிறகு மண் தண்ணீர் குடிக்காது, வடிகால் கட்ட வேண்டும், எவ்வளவு அகலம் என்று தெரியவில்லை என்றார். “இந்தத் தெருவுல யாரோ ஒருத்தர் மழைக்கணக்கு வெச்சிருந்தாராமே? பதிவகத்துல கேட்டேன். போன வருஷம் மழை சம்பந்தமா யாரும் இறக்கலைன்னு எழுத்துல கொடுத்துட்டாங்க. உங்க கடை கொட்டகைக்குப் பக்கந்தானே, உங்களுக்குத் தெரியுமாக்கா?”

அவள் கால் திரையில் பட்டது. காலை இழுத்துக்கொண்டாள்.

“எங்கப்பா குத்துச்சண்டைக்காரர் தம்பி” என்றாள்.

“ஒன்றரை அடி போதும்னு வெச்சுக்கறேன்.”

“எதை வெச்சு?”

“கைவசம் இருக்கிற குழாய் ஒன்றரை அடி.”

அவ்வருஷத்து முதல் பெருமழை ஒரு காலையில் தொடங்கியது. மதியத்துக்குள் வண்டி நிறுத்துமிடம் குளமாயிற்று. குளம் தெருவுக்குள் நடந்து வந்தது. அடித்தட்டில் இருந்த நோட்டுகளைப் பார்க்க மழை முதல் முறையாக நேரில் போயிற்று. தெருவில் உயரமான இடம் நினைவகம் ஒன்றுதான். எல்லோரும் அந்த நாலு படியில் ஏறி, மணல் மூட்டையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள்.

“எத்தனை மணிக்கு விடும்?” என்று யாரோ கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

சலவைக்காரர் சுவரிலிருந்த படத்தை அண்ணாந்து பார்த்தார். “இந்த மனுஷன் மட்டும் இப்ப இருந்திருந்தா...”

தையற்கடைக்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

“...அந்த நகராட்சிக்காரன் மூக்குல ஒண்ணு விட்டிருப்பார்.”

ஆமாம், ஆமாம் என்றது கூட்டம். சலவைக்காரர் வலது முஷ்டியை ஓங்கிக் காட்டினார்.

“இடது கையால” என்று அவள் திருத்தினாள்.