சந்தனம் பூசிய மின்கண்

நாள், கிழமை, நேரம் போட்டு நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். அதில் ஒரே ஒரு பக்கம் பொய். அறுபதுகளின் நடுவில் ஒரு விஜயதசமி, வெள்ளிக்கிழமை: "தலைவலி. வேறு விசேஷமில்லை." உண்மையில் நடந்தது இது.

மல்லசமுத்திரம் பக்கம் ஒரு மரவள்ளிக்கிழங்கு மாவு ஆலையில் நான் தற்காலிக எலக்ட்ரீஷியன். காய்ந்த மாவு காற்றில் அடர்ந்து பறக்கும்போது ஒரு தீப்பொறி விழுந்தால் போதும், அறையே வெடிக்கும். முந்தைய கோடையில் லேசாகப் பற்றியதில் முதலாளியின் மீசை பாதி போயிற்று (மீதியை அவரே எடுத்துவிட்டார்). சேலம் நூலகத்துப் பத்திரிகைகளைப் படித்துத் தலை வீங்கியிருந்த நான் இதற்கு ஒரு கருவி செய்தேன். அரைவை அறையின் ஒரு சுவரில் விளக்கு. எதிர்ச் சுவரில் வெளிச்சத்தை உணரும் மின்கண். இடையில் மாவு அடர்ந்து வெளிச்சம் மங்கினால் மணியடிக்கும், மோட்டாரும் தானே நின்றுவிடும்.

"வெள்ளிக்கிழம ஓட்டிக் காட்டுங்க சாமி. சரியா இருந்தா வேல நிரந்தரம். இல்லீனா சேலத்துக்கே பஸ் ஏறிக்குங்க" என்றார் முதலாளி.

வியாழக்கிழமை ஆயுத பூஜை. எல்லா இயந்திரங்களுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். மாதா கோயிலுக்குப் போகிற நான் என் கருவியை மட்டும் சும்மா விட்டால் முதலாளி என்ன நினைப்பார்? நானே கிண்ணத்தை வாங்கினேன். கருவிக்கு நெற்றி எது என்று தேடி, வட்டமாகப் பளபளத்த இடத்தில் தாராளமாக அப்பினேன்.

மறுநாள் காலை ஒன்பதே கால். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் அசையவில்லை, மணி அலறியது.

"வெடிக்கப் போகுது! வெளியே ஓடுங்க!" என்று கத்தினேன்.

ஓடினார்கள். முதலாளி ஒற்றைச் செருப்போடு ஓடினார். "கண்ணுக்கே தெரியாத தூசுங்க, அதான் ஆபத்து" என்று வாசலில் நின்று பிரசங்கம் செய்தேன். பிறகு ஜன்னல்களைத் திறந்து, வாளி வாளியாகத் தண்ணீர் தெளித்தேன். தரை மாவெல்லாம் பசையாயிற்று. இரண்டு முறை வழுக்கி விழுந்து, என் மேல் சினிமா போஸ்டரே ஒட்டலாம் என்கிற பக்குவத்தில் எழுந்தேன். மணி ஓயவில்லை.

மாவு சலிக்கும் பாவாயி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, கண்ணு பூரா சந்தனத்த அப்பி வெச்சா அதுக்கு எப்புடீங்க வெளிச்சம் தெரியும்?"

துடைத்தேன். மணி நின்றது. சிரிப்பு நிற்கவில்லை.

மோட்டார் ஓடத் தொடங்கி அரை மணி இருக்கும். அடுக்கிலிருந்து ஒரு மூட்டை சரிந்து வாய் பிளந்தது. அறை வெள்ளையாயிற்று. மறுபடியும் மணி.

"இப்ப நெசமாலுமேங்க! ஓடுங்க!"

ஒருவரும் அசையவில்லை. பாவாயி நிதானமாக மின்கண்ணை நோக்கி நடந்தார். "இப்ப எத அப்புனீங்க?"

நல்லவேளை, மோட்டார் என்னைப் போல் யாரையும் கெஞ்சவில்லை. மணியடித்த கணமே நின்றிருந்தது.

மாவு அடங்கியது. புருவம் முதல் வேட்டி வரை வெள்ளையாக நின்ற முதலாளி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க பேச்ச நம்பி ஒருத்தரும் ஓடலீங்க சாமி. ஆனா உங்க கருவி மோட்டார நிறுத்துச்சு பாருங்க, அந்தக் கருவிக்குத்தான் வேல நிரந்தரம். அதப் பாத்துக்க ஒரு ஆளு வேணுமில்லீங்களா? நீங்களும் இருந்துக்குங்க."

என் கல்யாணத்துக்கு வந்த பாவாயி, பந்தியிலேயே என் மனைவியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டார். இன்றைக்கும் வீட்டில் "மழை வரும், குடை எடுத்துக்கோ" என்று நான் சொன்னால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை.

"மோட்டார் நின்னுச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.