புதுச்சேரி குளிர்காய்ந்த காலம்

புதுச்சேரியின் உண்மையான வரலாறு நீராவியில்தான் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இங்கே கொதிகலன் வைத்து, குழாய் வழியாக ஆவியை அனுப்பி, அறைகளைச் சூடாக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். மே மாதத்தில் என்ன செய்தார்கள் என்பது இரண்டாம் அத்தியாயம்.

இதை வெற்றிவேல் ஏழு வருடமாக, முனைவர் பட்டத்துக்காக, நிரூபித்துக்கொண்டிருந்தான்.

ஆதாரம் ஒன்றே ஒன்று. ஒரு பிரெஞ்சுப் பயணி எழுதிய புத்தகத்தின் அடிக்குறிப்பு: ‘பழைய நீராவிக் கணப்பின் குழாயை இந்நகரில் இன்றும் காணலாம்.’ எந்த வீதி என்று அந்த மனிதர் எழுதவில்லை. தேடப் புறப்பட்டபோது வெற்றிவேலுக்கு இருபத்தைந்து வயது. இப்போது முப்பத்திரண்டு. அந்தப் பக்கத்தை அவன் கண்டவனுக்கும் காட்டுவதில்லை.

மூன்று நாளாக மழை விடவில்லை. டீக்கடையில் ஜோசப் ஆனந்த் இருந்தான். சுற்றுலாக்காரர்களுக்குக் குடை பிடித்து ஊரைக் காட்டுவது அவன் தொழில்.

“என்ன மச்சான், ஆவி கெடச்சுதா?”

“நேத்து ஏதோ கெணத்தக் காட்டி, கவர்னர் பொண்டாட்டி மோதிரத்தப் போட்ட கெணறுன்னியாமே. வெக்கமா இல்ல?”

“கேக்கறாங்கடா. தெரியாதுன்னா மூஞ்சி தொங்கிப்போவுது.”

“ஆதாரம் இல்லாம வாயத் தொறக்கறதுக்கு ஊமையாவே இருந்துட்டுப் போலாம்.”

செல்போன் அடித்தது. நெறியாளர் புருஷோத்தமன்.

“பாரிஸ்லேர்ந்து வந்த தேர்வாளர் அம்மா சாயங்காலம் கெளம்பறாங்கப்பா. அதுக்குள்ள, ஆவியில ரூமச் சூடாக்கற ரேடியேட்டர் ஒரே ஒண்ணு காட்டு. இல்லன்னா உன் பதிவ ரத்து பண்ணிடுவாங்க. நானும் மார்ச்ல ரிட்டயர் ஆவறேன்.”

மழையிலேயே வீடு வீடாக ஏறி இறங்கினான். முத்தியால்பேட்டையில், ஆனந்தமேரி என்ற அம்மாவின் வீட்டு வராந்தாவில், அது நின்றது. வார்ப்பிரும்பு. பத்து விலா எலும்பு. சாட்சாத் ரேடியேட்டர். மேலே ஈரப் பாவாடைகள் தொங்கின. பாவாடையை ஒதுக்கிப் படம் எடுத்து, வாய் திறந்து ஒரு வார்த்தை விசாரிக்கும் முன்பே சாருக்கு அனுப்பிவிட்டான். ஏழு வருடத்து அவசரம்.

“எவ்ளோ வருஷமா இங்க இருக்குங்கம்மா?”

“எங்க வீட்டுக்காரரு பிரான்ஸ்ல சொல்தாவா இருந்து ரிட்டயர் ஆனாரில்ல தம்பி, தொண்ணூத்தெட்டுல, அப்போ கப்பல்ல போட்டு எடுத்தாந்தாரு. பட்டாளத்துக்காரரு, அங்க குடியிருந்த வீட்ல ஒரு சாமான் விடல.”

“இதுல ஆவி...?”

“ஆவி இட்லிப் பானையில வரும். இதுல துணி காயவைப்போம். அதுவும் காயாது.”

வாசலுக்கு ஓடிப் போன் போட்டான். “சார், அந்தப் படத்த...”

“காட்டிட்டேன்! அந்தம்மா கண்ணு கலங்கிட்டாங்க. நேர்ல பாக்கணுமாம், கார்ல ஏறிட்டோம். எந்த வீடு?”

வீட்டைச் சொன்னால் ஆனந்தமேரி கப்பலைச் சொல்லிவிடுவார்.

“டுமாஸ் வீதிக்கு வாங்க சார்,” என்றான், வாயில் வந்த வீதியை.

போய்ச் சேர்வதற்குள் நனைந்து, உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்திருந்தான். எதிர்வரிசையில் ஜோசப் ஆனந்த் வெறும் குடையோடு யாராவது வருவார்களா என்று நின்றிருந்தான். கார் வந்தது. தேர்வாளர் அம்மா இறங்கினார். மஞ்சள் சுவரில் மாடியிலிருந்து இறங்கிய தடித்த இரும்புக் குழாயைப் பார்த்தார்.

“இதுவா?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

வெற்றிவேல் சாரைப் பார்த்தான். சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஆமா மதாம்.” மழைச் சத்தத்தை மீறிக் கத்த வேண்டியிருந்தது. “ஆவி இது வழியாத்தான் மாடிக்குப் போகும்.”

“தண்ணீர் கொட்டுகிறதே?”

“ஆவி ஆறிடுச்சு மதாம்.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். புருஷோத்தமன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கார் போய்விட்டது.

ஜோசப் ஆனந்த் தெருவைக் கடந்து வந்தான். குத்திக்காட்டப்போகிறான் என்று வெற்றிவேல் தலையைக் குனிந்தான். அவனோ குடையை இவன் தலைக்கும் சேர்த்துப் பிடித்து, குழாயை அண்ணாந்து பார்த்தான்.

“எட்டொம்போது வருஷம் முன்னாடி ஒரு வெள்ளைக்காரரு, இதே மாதிரி மழையில நடுங்கிக்கிட்டு, இதே கொழாய என்னாதுன்னு கேட்டாரு மச்சான். எனக்கும் அதேதான் வாயில வந்துச்சு. புஸ்தகத்துல, அடியில பொடி எழுத்துல போடறேன்னாரு. போட்டாரா என்னான்னு தெரியல.”