அடுப்படியில் எழுந்தருளிய அம்மன்

இதை எழுதலாமா கூடாதா என்று எத்தனையோ வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். தெய்வ காரியத்தைச் சிரிப்பாக எழுதினால் பாவம் வருமோ என்ற பயம் பாதி, ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம் பாதி. (ஊருக்குத் தெரியாதது இதில் ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.) போன ஆடி வெள்ளியில் அம்மன் சந்நிதியில் நின்று உத்தரவு கேட்டேன். பூ வலப்பக்கம் விழுந்தது. எழுதுகிறேன்.

எனக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் பூஜை சாமான் கடை. படிப்பு எட்டாவது, பக்தி அதற்கு ரொம்ப மேலே. சிங்கவரம் போகிற வழியில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தோம். வாங்கியது நாங்கள், குடியிருந்தது வேலிக்காத்தான் முள். எட்டிப் பார்க்க ஆளில்லாமல் அது தலைக்கு மேல் வளர்ந்து, பக்கத்து நிலத்துக்காரர் அப்பாண்டைராஜ் அண்ணன் தன் மல்லாட்டைக் கொல்லைக்கே (மல்லாட்டை என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை) சுற்றிக்கொண்டு போகும்படி ஆகிவிட்டது.

அந்த வருஷம் நாங்கள் குடியிருந்த வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம். தைக்குள் சொந்த வீட்டுக்குப் போயே ஆகவேண்டும். வைகாசியில் அஸ்திவாரம் தோண்டிக் கடக்கால் போட நாள் குறித்தாயிற்று. என் மனைவி மல்லிகா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடுப்படிக்கு ஒரு ஜன்னல். கல்யாணமான நாளிலிருந்து ஜன்னல் இல்லாத அடுப்படிகளிலேயே வெந்தவள் அவள். தென்கிழக்கு மூலையைக் காட்டி, "இங்க நின்னு தோசை ஊத்தினா காத்து வரணும்" என்பாள்.

அவள் தொண்டூரில் அம்மா வீட்டுக்கு மல்லாட்டை பறிக்கப் போயிருந்த சமயம் பார்த்து ஜேசிபியை வரவழைத்தேன். திரும்பி வரும்போது மனை துடைத்த மாதிரி இருக்கவேண்டும், அவள் அசந்து நிற்கவேண்டும் என்று ஆசை. (அசந்துதான் நின்றாள்.)

காலையில் ஆரம்பித்து முக்கால்வாசி முள்ளும் போய்விட்டது. தென்கிழக்கு மூலையில் மண்ணை அள்ளிய வண்டி சட்டென்று நின்றது. டிரைவர் குதித்து இறங்கினான்.

"அண்ணே, செருப்பக் கழட்டுங்க."

"ஏம்பா?"

"இன்னாண்ணே ஏம்பான்றீங்க. சூலம்ணே."

பார்த்தேன். மண்ணோடு வந்து விழுந்திருந்த ஒரு கருங்கல். தலையில் மூன்று கோடு, நடுக்கோடு நீளம். கோட்டுக்குள் காய்ந்த சிவப்பு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. இத்தனை காலம் முள்ளுக்குள் மூச்சு முட்டிக் கிடந்த தாய் என் வண்டிச் சத்தத்தில் கண் விழித்திருக்கிறாள் என்று நினைத்துச் சாஷ்டாங்கமாக விழுந்தேன். முள் குத்தியது. அதையும் அருள் என்றே எடுத்துக்கொண்டேன்.

கல்லைத் தோளில் தூக்கி, அதே மூலையில் மனைக்குள் கொஞ்சம் தள்ளி, மேடான இடமாகப் பார்த்துக் கிழக்கு முகமாக நட்டேன். கடையிலிருந்து மஞ்சள், சந்தனம், குங்குமம், கற்பூரம் எல்லாம் வந்தது. சந்தனத்தை அள்ளி அப்பியதில் முகம் தெரிவது போலவே இருந்தது. டிரைவர் மட்டும் வண்டியில் ஏற மறுத்துவிட்டான். "நான் புள்ளகுட்டிக்காரன்ணே. சாமிகிட்ட வேலை வேணாம்."

சிங்கவரத்துப் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். மறுநாள் எலுமிச்சம்பழ மாலை, அதற்கடுத்து ஒலிபெருக்கி. குள்ளம்மா என்ற பெரியம்மா முன்னின்று பொங்கலுக்கே ஏற்பாடு செய்துவிட்டார். நான் மெதுவாக, "கடக்கால் போட நாள் குறிச்சிருக்குது" என்றேன்.

"சாமி குந்தன எடத்துல வீடா? இன்னாபா பேசற நீ?" என்றார் குள்ளம்மா. "உனக்குக் குடுத்து வச்சிருக்குது. கோயிலக் கட்டு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மன் எழுந்தருளியிருந்தது சரியாக மல்லிகாவின் அடுப்படியில்.

போனில் அவளிடம் சொல்லவில்லை. "நம்ம மனையில பெரிய விசேஷம், நேர்ல வந்து பாரு" என்றேன். இதற்கிடையில் அப்பாண்டைராஜ் அண்ணன் தினமும் வருவார், கல்லைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், தொண்டையைச் செருமிக்கொண்டு போய்விடுவார். சமணக் குடும்பத்து மனுஷன், அவரையே இழுக்கிறாளே என்று நான் பூரித்துப் போனேன்.

பொங்கல் வைத்த அன்று மல்லிகா தலையில் மல்லாட்டை மூட்டையோடு வந்து நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என்னிடம் குனிந்து கேட்டாள்.

"இன்னா இது?"

"அம்மன். தானா வந்தா."

"எந்த மூலையில வந்தா?"

காட்டினேன். அவள் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டாள். பிறகு நேரே குள்ளம்மாவிடம் போனாள்.

"பெரியம்மா, இவ்ளோ பேரு வந்திருக்கீங்க, அபிஷேகம் ஆச்சா?"

"ஆவலியேம்மா."

"அப்ப உங்க கையாலயே நல்லா ஊத்துங்க. சந்தனமெல்லாம் போற மாதிரி."

குடம் குடமாகத் தண்ணீர் விழுந்தது. சந்தனம் வழிந்தது, குங்குமம் கரைந்தது. கோட்டுக்குள் இருந்த சிவப்பு மட்டும் கரையவில்லை. சூலத்துக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாக எண்கள் வெளியே வந்தன. குள்ளம்மாவின் பேரன் அதைச் சத்தமாகப் படித்தான்.

"சாமிக்கு ஏதுடா நம்பரு?" என்றார் குள்ளம்மா.

"அது சர்வே கல்லு பெரியம்மா. மூணு கோடு கவர்மெண்டு குறி, சிவப்பு பெயிண்டு. இந்த மனைய அளந்தன்னிக்கு நான்தான் கூட நின்னேன். இவரு கடைய விட்டு வரல" என்றாள் மல்லிகா.

எனக்குப் பூமி பிளந்து அந்தப் பள்ளத்திலேயே போய்விடலாம் போல இருந்தது. (பள்ளம்கூட ஜேசிபி உபயத்தில் தயாராக இருந்தது.) ஓர் இளவட்டம் வாயைப் பொத்திக்கொண்டான். அப்போது அப்பாண்டைராஜ் அண்ணன் மெல்ல முன்னே வந்தார்.

"எல்லைக் கல்லக் காணோமேன்னு சொல்லத்தான் தினமும் வந்தேன். தம்பி கண்ண மூடி நின்னுக்கிட்டிருந்தாரு. எப்படிச் சொல்றது?"

எல்லாரும் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. மல்லிகா என் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

"சிரிங்க, பரவால்ல. ஊர்ல அவனவன் ராத்திரியோட ராத்திரியா எல்லைக் கல்லப் பிடுங்கி அடுத்தவன் நெலத்துல நடறான். எங்க வூட்டுக்காரரு அந்தக் கல்ல தன் நெலத்துக்கு உள்ள நட்டு வுழுந்து கும்புட்டிருக்காரு. இந்த மாதிரி ஆளு பக்கத்துல இருந்தா அண்ணனுக்கு ஒரு சாண் போவுமா?"

"போவாதும்மா" என்றார் அண்ணன்.

சிரிப்பு நின்றுவிட்டது. குள்ளம்மா என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, பொங்கல் ஆறுது, குந்துங்க" என்றார். மல்லிகா மூட்டையை அவிழ்த்து எல்லாருக்கும் மல்லாட்டை அள்ளிக் கொடுத்தாள். எத்தனையோ கோயிலில் எத்தனையோ தெய்வத்தைக் கும்பிட்டிருக்கிறேன். அன்று அவள் கையிலிருந்து மல்லாட்டையை வாங்கும்போது என் இரண்டு கையும் தானாகச் சேர்ந்துகொண்டது.

சர்வேயரை மறுபடி வரவழைத்து, கல்லை அதன் மூலையிலேயே நட்டோம். குறித்த நாளில் கடக்கால் போட்டோம், தையில் பால் காய்ச்சினோம். அடுப்படி ஜன்னலைத் திறந்தால் கல் தெரியும். வெள்ளிக்கிழமையில் மல்லிகாவே அதற்கு மஞ்சள் பூசுகிறாள். எல்லைக்கும் ஒரு தெய்வம் உண்டு என்பது அவள் கட்சி. அண்ணனுக்கும் எங்களுக்கும் இதுவரை ஒரு பேச்சு வந்ததில்லை.

ஒன்றுதான் கஷ்டம். எந்தக் கோயிலில் நான் உருகிக் கண்ணை மூடினாலும், என் மகள் காதருகில் வந்து, "நைனா, நம்பர் பாத்தியா?" என்கிறாள்.

படிக்கிறவர்கள் இதைத் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள், உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். ஏனென்றால் ஊரில் இப்போதே அந்தக் கல்லுக்கு நாகம் குடை பிடித்ததாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. நாகம் கிடையாது. என் கனவில் யாரும் வரவும் இல்லை. மூட்டையோடு வந்தவள் மட்டும் உண்டு, அவளை விட்டுவிடாதீர்கள்.