ஐந்து விநாடி வெளிச்சம்

இனிமேல் தன் வெளிச்சத்தில் யாரும் கைவைக்கக் கூடாது என்று கமா முடிவு செய்தார்.

கமா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். பிழை திருத்துவது அவர் வேலை. மிக்ஸியோ இஸ்திரிப்பெட்டியோ, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் குறிப்புத்தாள் பெரும்பாலும் அவர் கண்ணைத் தாண்டித்தான் வரும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு கழிப்பறை. காலையில் செய்தித்தாளோடு உள்ளே போனால் நாற்பது நிமிடம். மனைவியோ எட்டு இருபது பேருந்தைப் பிடித்து ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போக வேண்டும். சுவிட்ச் வெளியே இருந்தது. பத்தாவது நிமிடம் ‘டக்’. தலையங்கம் பாதியில் இருண்டுவிடும். கட்டிய புருஷனை இருட்டில் உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்?

ஆளின் அசைவைக் கண்டு தானே எரியும் சென்சார் விளக்கு ஒன்றை வாங்கி வந்தார். உள்ளே மூன்று பேட்டரி. வயரும் இல்லை, சுவிட்சும் இல்லை. கதவுக்கு மேலே ஒட்டினார். பழைய பல்பைக் கழற்றி அலமாரியில் போட்டார். குறிப்புத்தாளைச் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து வாசித்து, ஏழு பிழைகளைத் திருத்தி மேசைமேல் வைத்தார்.

முதல் நாள் சொர்க்கம். மறுநாள் இரண்டாவது வரியிலேயே விளக்கு அணைந்தது. கையை ஆட்டினார், எரிந்தது. மூன்றாவது வரியில் மறுபடி அணைந்தது. ஒரு கையில் தாள், மறு கை பேருந்தை நிறுத்துகிறவன் கை மாதிரி மேலேயே. பத்து நிமிடத்தில் தோள் விட்டுப்போய் வெளியே வந்தார்.

“என்னங்க, அதுக்குள்ள வந்துட்டீங்க?”

“அது என்னை மனுஷனா மதிக்கல. நீ போனா மட்டும் எரியுது.”

“நான் போனா போன வேலையைப் பாப்பேன். நீங்க சிலையாட்டம் உக்காந்திருந்தா ஆள் இல்லைன்னுதானே நினைக்கும்?”

“இருபத்தாறு வருஷம் ஒரே நாற்காலில உக்காந்து வேலை பாக்கறவன் நான். அசையாம இருக்கறது ஒரு திறமை.”

“அதை விளக்குகிட்ட சொல்லுங்க.”

நான்காம் நாள் அதைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார். அவள் எடுத்துத் துடைத்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“பேட்டரியோட குப்பைல போடக்கூடாது. மின்கழிவு வாங்கற இடத்துல குடுக்கணும். உங்க தாள்லயே போட்டிருக்கு.”

“நானும் படிச்சேனே.”

“திருத்தினீங்க.”

மின்கழிவு நிலையத்தில் இருந்த பெண் பேட்டரிகளைக் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, தனி வாளியில் போட்டாள். வேறு பேட்டரி போட்டு விளக்கைச் சோதித்தாள்.

“நல்லா எரியுதே சார். நேரக் குமிழைத்தான் யாரோ அஞ்சு செகண்டுக்குத் திருகி வெச்சிருக்காங்க. பத்து நிமிஷம் வரைக்கும் வெக்கலாமே.”

கமா வாயைத் திறப்பதற்குள் பழுதான மோட்டாரோடு பின்னால் நின்ற ஒரு தையல்காரர் முந்திக்கொண்டார். “வேண்டாம்னா நான் எடுத்துக்கட்டுமா? எங்க மாடிப்படி ஒரே இருட்டு. போன வாரந்தான் சம்சாரம் வழுக்கி விழுந்தாங்க.”

“நல்ல மனசு சார் உங்களுக்கு” என்றாள் அந்தப் பெண், கமா எதுவும் சொல்லாமலே.

நல்ல மனசுக்காரர் எந்த முகத்தோடு திருப்பிக் கேட்பது? வழியெல்லாம் கொதித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

“குமிழைத் திருகினது யாரு?”

அவள் குறிப்புத்தாளை நீட்டினாள். ‘விளக்கு எரியும் நேரத்தைக் குறைக்க, பக்கவாட்டிலுள்ள குமிழை இடப்புறம் திருகவும்.’ ‘குறைக்க’ என்பதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கமா. அவரே போட்டது.

“நீங்க திருத்தி வெச்சதால நல்லா புரிஞ்சுதுங்க” என்றாள். “பழைய பல்பை மாட்டிட்டேன்.”

மறுநாள் காலை தலையங்கம் பாதியில் இருக்கும்போது வெளியே ‘டக்’ என்றது. கமா இருட்டில் கையை ஆட்டிப் பார்த்தார்.